ஏழக்காவின் செந்தலை வாத்துகள்

தியென் ஆறு கடலை நோக்கி விரையும் வழியில் தொங் தாப் மாகாணத்து வயல்களுக்குள் எண்ணற்ற வாய்க்கால்களாய்ப் பிரிந்து நுழைகிறது. ஆண்டில் நான்கு மாதம் அங்கே வயலுக்கும் ஆற்றுக்கும் எல்லை கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை செம்புனல். அத்தகைய வெள்ளமாதம் ஒன்றில், நெல்லேற்றும் படகின் கூரைக்கடியில் பிறந்தவள் சுயென். வீட்டில் ஆறாவது பிள்ளை. தலைப்பிள்ளையை ‘இரண்டு’ என்று எண்ணத் தொடங்குவது அப்பக்கத்து வழக்கமாதலால், ஊராருக்கெல்லாம் அவள் ஏழக்கா.

பன்னிரண்டு வயதிலிருந்து அவள் பிறருடைய வாத்துகளை மேய்த்தாள். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்னவிட்டு, அவ்வயல் ஓய்ந்ததும் கூட்டத்தை அப்படியே படகிலேற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு செல்வது அத்தொழில். வெயிலும் மழையும் அவள் மேனியைக் கறுக்க வைத்தனவே அன்றி மனத்தைத் தொடவில்லை. இறைவன் அவளுக்குக் கையிறுக்கமின்றி வழங்கியது குரல் ஒன்றைத்தான். அவள் கரையில் நின்று “லிட், லிட், லிட்” என்று கூப்பிட்டால், எதிர்க்கரை வீடுகளில் உறங்கும் குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்று தாய்மார் குறைபட்டதுண்டு. வாத்துகள் தன்னைத் தொடர்வது அக்குரலுக்காகவே என்பது அவளது அசையாத நம்பிக்கை. அதில் அவளுக்குச் சிறிது செருக்கும் இருந்தது.

இருபத்தெட்டு ஆண்டு மேய்த்த பிறகு, நாற்பதாம் வயதில்தான் அவளுக்கென்று சொந்தக் கூட்டம் அமைந்தது. குஞ்சு விற்கும் படகு துறைக்கு வந்த நாளில், பஞ்சுப் பொதிபோல் மஞ்சளாய்க் கிடந்தவற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தாள். வீட்டு முற்றத்தில் வானத்துக்கென நட்ட ஒற்றைக்கால் பீடத்தில் காலையும் மாலையும் பூவும் நீரும் வைத்து, ஊதுவத்தி ஏற்றி வணங்குவது அவள் நியமம். முதலில் உலகம் வாழ வேண்டுவாள், அடுத்து வாத்துகள், அதன் பின்னரே கணவன். “வாத்துக்கு அடுத்தாப்லயாவது என் பேரு வருதே, அதுவே பெருசு” என்பான் அவள் கணவன் ஹொன்.

ஹொன் படகுகளுக்கு வண்ணம் பூசுபவன். அந்நாட்டுப் படகுகளுக்கு முகப்பில் செந்நிறம் தீட்டி, வழி தெரிவதற்காக இரண்டு கண்களும் எழுதுவார்கள். புத்தாண்டை ஒட்டி எல்லாப் படகும் புது முகம் பெறும். மிஞ்சிய சிவப்பைக் கொண்டு ஏழக்கா தன் வாத்துகளின் உச்சந்தலையில் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். வேறு கூட்டத்தோடு கலந்தால் அடையாளம் வேண்டுமல்லவா?

இரண்டாம் மாதம் பிறந்தது. இன்னும் பத்து நாளில் முதல் முட்டை விழும் என்றிருந்த வேளையில், அண்ணன் மகளுக்குத் திருமணம் வந்தது. வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்துவிட்டால் அந்நாட்டார் அதைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். ஏழக்கா இரண்டு நாள் ஓயாது பாடினாள். மூன்றாம் நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டுமே வந்தது.

அன்று பிற்பகலில்தான் அது நடந்தது. கியெட் என்னும் இளைஞன் ஒருவன் தன் எழுநூறு வாத்துகளைப் பக்கத்து வயலில் இறக்கியிருந்தான். இரு கூட்டத்துக்கும் நடுவே வாய்க்காலில் வந்த நெற்படகு ஊதிய ஊதலில் அத்தனையும் மிரண்டு நீரில் பாய்ந்தன. ஊதல் அடங்கியபோது வாய்க்கால் முழுதும் ஒரே கூட்டம். ஒரே குஞ்சுப் படகில் வாங்கியவை, ஒரே வயது. போதாக்குறைக்கு அத்தனை தலையிலும் ஒரே சிவப்பு.

“என்னக்கா, உங்களுதும் செவப்பா?” என்றான் கியெட். பிறகு இருவரும் ஒரே நேரத்தில், கரையில் நின்ற ஹொன்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மிச்சம் இருக்கான்னு கேட்டான், கொடுத்தேன்” என்றான் ஹொன், சிகரெட் தேடுபவனைப்போல் சட்டைப்பையைத் தடவியபடி. “கதவுக்கு அடிப்பான்னு நெனச்சேன்.”

இத்தகைய கலப்புக்கு மேய்ப்பவர்களிடையே ஒரு முறையுண்டு. பொழுது சாயும் நேரத்தில் உரியவர் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்று கூப்பிட வேண்டும். எது எவரிடம் செல்கிறதோ அது அவருடையது, பின்னர் வழக்காடலாகாது. மறுநாள் விடியலில் கியெட்டின் வாத்துகளை ஏற்றப் படகு வருவதாயிருந்தது. ஆகவே ஒத்திப்போடவும் வழியில்லை. வாழ்நாளில் முதன்முதலாகத் தன்னுடையது என்று சொல்லத்தக்க ஒன்றை, குரலற்ற தொண்டையோடு அழைத்தெடுக்க வேண்டிய நிலையில் நின்றாள் ஏழக்கா.

ஹொன் தன் தவற்றுக்குக் கழுவாய் தேட முனைந்தான். திருமணத்தில் அவள் பாடியதைக் கைபேசியில் பதிந்திருந்தான். ஒலிபெருக்கியை ஓடிச்சென்று கொணர்ந்து அதில் இணைத்து ஒலிக்கவிட்டான். முதல் அடி முழங்கியதுதான் தாமதம், வாத்துகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. சில ஆகாயத்தாமரைத் திட்டின்மேல் ஏறி நின்று நடுங்கின.

“அண்ணே, அதை நிறுத்துங்க” என்றான் கியெட். “இன்னொரு பாட்டுப் போட்டீங்கன்னா முட்டையை வயித்துக்குள்ளேயே வச்சுக்கும்.”

பிறகு அவன் கூப்பிடத் தொடங்கினான். நல்ல குரல், இனிமையும் இருந்தது. ஐந்து, பத்து, பிறகு ஒரு வரிசை என்று வாத்துகள் அவன் கரையை நோக்கித் திரும்பின. ஏழக்கா வாயைத் திறந்தாள். ஓசையில்லை. கரையேறும் ஒவ்வொன்றும் தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றிற்று. ‘கொடுத்தவன் நீ, காப்பவனும் நீயே’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க அவளால் இயலவில்லை. மூங்கில் கோலைத் தோளில் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரவில் வாத்துகளை அடைக்கும் வலைப்பட்டியை நோக்கி வரப்பில் நடந்தாள். தந்திரமாக அல்ல, அழுவதைப் பிறர் காணக்கூடாதே என்றுதான்.

ஆயின் அந்த நேரத்தில் அவள் நாள்தோறும் நடப்பதும் அந்த வரப்பில்தான். அதே ஊதாச் சட்டை, அதே கோல், இடக்காலைச் சற்றே அகற்றி வைக்கும் அதே நடை.

பின்னால் நீர் சலசலத்தது. மழை வருகிறதோ என்று நினைத்தாள்.

“திரும்பாதே புள்ள” என்றான் ஹொன் தணிந்த குரலில். “அப்படியே நட. வருது.”

அவள் நடந்தாள். சேற்றில் நூற்றுக்கணக்கான பாதங்கள் சளப் சளப்பென்று அடிவைக்கும் ஓசை அவளைத் தொடர்ந்தது. கியெட்டின் கரையில் பாதி ஏறியவற்றுள்ளும் சில நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, நீரில் குதித்துத் திரும்பின. கியெட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தான்.

பட்டி வாயிலில் நின்று ஹொன் ஒவ்வொன்றாய் எண்ணி உள்ளே விட்டான். அறுநூற்றுப் பதின்மூன்று. மீண்டும் எண்ணியும் அதேதான். எதிர்க்கரையில் எண்ணி முடித்த கியெட் நீரைக் கடந்து வந்தான்.

“எனக்கு ஒண்ணு கொறையுது. அதுல ஒண்ணு என்னுதுக்கா.”

ஏழக்கா பட்டியைக் கைகாட்டினாள். ‘எதுவென்று சொல், எடுத்துக்கொண்டு போ’ என்பது அதன் பொருள். அவன் அத்தனை சிவந்த தலைகளையும் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை பார்த்துப் பெருமூச்சுவிட்டான்.

“சரி, உங்ககிட்டயே இருக்கட்டும். இத்தன வருஷமா தொண்டை கிழியக் கத்தினீங்களேக்கா. அதுங்க உங்க குரலைக் காதுலயே வாங்கல போல. நடையைப் பாத்துத்தான் பின்னால வந்திருக்குதுங்க.”

ஹொன் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். ஏழக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரே புறங்கையால் துடைத்துக்கொண்டு, கியெட்டை அருகே வரச் சைகை செய்தாள். அவன் குனிந்து செவியைக் கொடுத்தான்.

“தொண்டை வரட்டும்டா தம்பி” என்றாள் காற்றாய். “வந்ததும் உனக்குப் பதில் சொல்றேன்.”

“அதுக்குத்தான்க்கா நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பறேன்” என்றான் கியெட்.