பலகையில் இருக்கும் கை என்னுடையது

பூங்காவில் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுகிற வேலையில் பாம்பு கடித்துவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள்; பாம்பு அது பாட்டுக்குப் போய்விடும், கூட வேலை பார்க்கிறவர்தான் கடிப்பார். என்னை முதலில் கடித்தவர் பாஸ்கர் சார்.

தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் பூங்கா. மூங்கில் புதர், இலுப்பை மரங்கள், ஒரு தாமரைக்குளம், வேலிக்கு அந்தப் பக்கம் வயல். நான் அங்கே வெறும் காவல்காரனாக நிம்மதியாக இருந்தேன். பாஸ்கர் சார் வந்து 'இயற்கையோடு ஒரு நாள்' என்று ஆரம்பித்தார். வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக ஜனங்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். நான் குடையோடு வரிசையின் கடைசியில் போவேன். என் பாடம் மூன்றே வார்த்தை: "தொடாதே, பறிக்காதே, கலைக்காதே!" நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதற்கு அது போதும்.

பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஒரே வெயிலில் சேர்த்து மேய்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நானும் வருகிறேன்.

குடை பிடித்த கை

தொடக்க நாளன்று எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பாஸ்கர் சார் முகத்தில் வெயில் அடித்தது. "அண்ணே, கொஞ்சம் குடையைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கி வாசலில் பலகையாக வைத்தார்கள். பாஸ்கர் சார் இருக்கிறார். டீச்சர்கள் இருக்கிறார்கள். பூங்கா நாய் மணி முன்னால் படுத்துக்கொண்டு நாக்கைத் தொங்கப் போட்டிருக்கிறான். ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் குடையைப் பிடித்தபடி உள்ளே நீண்டிருக்கிறது. அது நான்.

இதில் கொடுமை என்னவென்றால், பலகை வருவதற்கு முன்பே நான் என் சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன். அவர் கும்பகோணத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். என் மகள் அவர் வீட்டு மருமகள். நான் பூங்காவில் பெரிய பொறுப்பில் இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது; அந்த எண்ணத்தை உண்டாக்கியதும் நான்தான். கடையை மூடிவிட்டு பஸ் ஏறி வந்தார். பலகை முன்னால் நின்று, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு சொன்னார்: "கை நல்லா விழுந்திருக்கு சம்பந்தி."

அன்றிலிருந்து பாஸ்கர் சார் எனக்கு ஒரு முகம் தரவேண்டும். அந்தப் பலகையில், சம்பந்தி பார்க்கிற மாதிரி. இனிமேல் சொல்வதையெல்லாம் இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டிப்பிடித்த மரம்

பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மரத்தைத் தடவிக் கட்டிப்பிடிக்கச் சொல்வது பாஸ்கர் சாருக்குப் பிடித்த விளையாட்டு. மரத்தைக் கண்ணால் பார்க்காமல் கையால் அறிய வேண்டுமாம். "யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது" என்று மைக்கில் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மடித்துக் கட்டிய வேட்டியோடு இலுப்பை மரத்தில் சாய்ந்து அப்படியே நின்றேன். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று தடவிக்கொண்டே வந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

பாஸ்கர் சார் தூரத்தில் மூங்கில் பக்கம் நிற்கிறார். அந்தப் பிள்ளையின் முதுகுதான் அவருக்குத் தெரிகிறது. "என்ன தெரியுதும்மா?" என்று மைக்கில் கேட்டார். "சொரசொரன்னு இருக்கு சார்." "வெரி குட், வயசான மரம். அப்புறம்?" "மேல துணி கட்டியிருக்கு சார்." "யாராவது வேண்டிக்கிட்டுக் கட்டியிருப்பாங்க. அப்புறம்?" எனக்குப் பொடி போடுகிற பழக்கம் உண்டு. அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் இறங்கிவிட்டது. எவ்வளவு அடக்குவது? பிள்ளை பயப்படவே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னது: "சார், மரம் இருமுது சார்!"

அமாவாசை விருந்தாளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாவாசையாக அமைந்துவிட்டது. பறவை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் வாழையிலைப் பொட்டலம். சாதம், பருப்பு, நெய், ஒரு வடை. பறவைக்கு எதுவும் போடக்கூடாது என்பது பாஸ்கர் சார் சட்டம். அதைச் சொன்னார். வந்தவர் கையைக் கும்பிட்டார். "எங்க அபார்ட்மெண்ட் மாடியில காலையிலேருந்து கத்திப் பார்த்துட்டேன் சார், ஒரு காக்கா வரல. காக்கா எடுக்காம வீட்ல யாரும் சாப்பிட முடியாது. உங்க நோட்டீஸ்ல அத்தனை பறவை போட்டிருக்கீங்களேன்னு வந்தேன்." அவர் மனைவி பசியில் இலுப்பை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாஸ்கர் சார் இளகிவிட்டார். சட்டம் பூங்காவுக்குள்தான் என்று சொல்லி, வெளிச்சுவரின் மேல் இலையை வைக்கச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்து, "அண்ணே, காக்காக் குரல் உங்களுக்கு நல்லா வருமே" என்றார். அதையும் நான் மறக்கவில்லை. நான் கத்தினேன். என்னைப் பார்த்து, அதுவரை வாயில் விரலை வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனையும் கா கா என்று கத்த, குளத்தில் நின்ற கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் எழும்பி வல்லம் பக்கம் போய்விட்டன. காகம் மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு மைனா வந்து வடையிலிருந்து ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பாஸ்கர் சார் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "சார், பறவையைப் பத்திப் படிச்சவரு நீங்க. மைனா சாப்பிட்டா எங்க அப்பாவுக்குப் போய்ச் சேருமா?"

வயலில் நின்றவர்

குறுவை நடவு சமயத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் குடும்பங்களைக் கூட்டிப்போய் நாற்று நட வைப்போம். செல்லம்மா என்று ஒரு நடவுக்காரம்மா, தன் செட்டு ஆட்களோடு கூட நின்று சொல்லிக்கொடுக்கும். ஒரு தகப்பனார் பேண்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கையில் நாற்று, ஒரு கையில் போன். போனைப் பார்த்து, "ஹாய் பிரண்ட்ஸ், இன்னைக்கு நாம எங்க வந்திருக்கோம்னா" என்று பேசிக்கொண்டே ஒரே இடத்தில் நின்றார். சேற்றில் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முட்டிவரை போய்விட்டார்.

பாஸ்கர் சார் வரப்பில் நின்றுகொண்டு, "அப்படித்தான் சார், மண்ணோட ஒண்ணாயிடுங்க" என்றார். அவருக்கு விஷயம் புரியவில்லை. நானும் அந்தத் தகப்பனாரின் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். செருப்பு மட்டும் எங்கேயோ உள்ளே கழன்றது, ஆள் வரவில்லை. பிள்ளை கரையில் நின்று போனை வாங்கிப் படம் பிடித்தது. செல்லம்மா நாற்றுக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தது. "நாத்து நடச் சொன்னா இவரு தன்னையே நட்டுக்கிட்டாரே. இழுக்காதீங்க, தண்ணியப் பாய்ச்சுங்க, மூணா நாளு பச்சை பிடிச்சிரும்."

தூரக்கண்ணாடி

எங்களிடம் தூரக்கண்ணாடி ஒன்றே ஒன்றுதான். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்போம். பேராவூரணியிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு தென்னந்தோப்புக்காரர் வாங்கினார், திருப்பித் தரவில்லை. தென்னை மட்டையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பாஸ்கர் சாருக்கு அதைக் கண்டாலே தலைகால் புரியாது. "தெரியுதா ஐயா? அந்த நீலம் தெரியுதா?" என்று கிசுகிசுத்தார். பெரியவர் கண்ணாடியை எடுக்காமலே தலையாட்டினார். பின்னால் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று அழ ஆரம்பித்தன.

மீன்கொத்தி பறந்தது. கண்ணாடி நகரவில்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போனது. பிறகு பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைப் பாஸ்கர் சார் கையில் கொடுத்து, வருத்தமாகச் சொன்னார்: "குருவி கெடக்கட்டும் தம்பி. நாலு மரத்துல குலை முத்தித் தொங்குது. யாரு தலையில விழப்போவுதோ, முதல்ல பறிக்கச் சொல்லு."

நாங்கள் அந்த நாலில் ஒரு மரத்துக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம்.

தவளை நாள்

மழைக்காலத்தில் தவளைக்காக ஒரு நாள் வைத்தோம். பாஸ்கர் சார் பச்சைத் துணியில் தவளை உடுப்பு ஒன்று தைத்து வந்தார். நான் மாட்டேன் என்றேன். "பேப்பர்காரங்க வர்றாங்க அண்ணே. உங்க போட்டோதான் நடுவுல" என்றார். பலகையில் கிடைக்காத முகம் பேப்பரிலாவது கிடைக்கட்டும், சம்பந்தி கடையில் வெற்றிலை மடிப்பதற்கு முன்னால் பேப்பரைப் படிக்கிறவர்தானே என்று உள்ளே நுழைந்தேன். மூச்சு விட வாய்ப்பக்கம் ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

தினமும் என் கையால் சோறு தின்கிற மணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பாய்ந்து வந்தான். நான் தத்தித் தத்தி ஓடினேன். பிள்ளைகள் கைதட்டின. பாஸ்கர் சார் மைக்கில், "பார்த்தீங்களா, ஆபத்து வந்தா தவளை தண்ணியைத் தேடிப் போகும்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் அது தோன்றியது. தாமரைக்குளத்தில் குதித்தேன். மறுநாள் பேப்பரில் படம் பெரிதாக வந்திருந்தது. சொன்னபடி நடுவில் நான்தான், அந்தரத்தில், பச்சையாக. என் மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம மணி எவ்வளவு லட்சணமா விழுந்திருக்கான் பாருங்க!"

மேல் மூலை

பழைய பலகை வெயிலில் வெளுத்து, என் கையும் மங்கிப்போனது. புதுப் பலகை வைப்பதென்று முடிவானது. "இந்தத் தடவை ஆளுக்குத் தனி வட்டம் அண்ணே, உங்க முகம் கண்டிப்பா உண்டு" என்றார் பாஸ்கர் சார். எந்த இடம் வேண்டும் என்று என்னையே கேட்டார். நான் யோசித்து மேல் மூலையைக் கேட்டு வாங்கினேன். யார் தலையும் மறைக்காது, யார் குடையும் வராது, புதிதாக மேலே தகரக் கூரை போடுவதால் மழையும் படாது. முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றேன். படம் நன்றாகவே வந்தது. பலகை வந்த அன்றே சம்பந்திக்குப் போன் செய்தேன். முகூர்த்த மாசம், கடையில் கூட்டம், அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

அந்த இடைவெளியில்தான் குளவி வந்தது. முதலில் மூக்கில் ஒரு பொட்டு மண். மச்சம் மாதிரி இருந்தது. மறுநாள் மூக்கு முழுவதும். பிறகு கன்னம். மழை படாத இடம் தேடி நான் போனேன், அதுவும் அதே காரணத்துக்காக வந்திருக்கிறது. குடையின் முனையால் தட்டிவிடலாம் என்று கையை உயர்த்தினேன். எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், நான் எந்த ராகத்தில் கத்துவேனோ அதே ராகத்தில் கத்தின: "தொடாதே, பறிக்காதே, கலைக்காதே!"

குடையை இறக்கினேன். பாஸ்கர் சார் ஓடி வந்தார். கூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகளைப் பலகையைச் சுற்றி உட்காரச் சொல்லி அங்கேயே பாடத்தை ஆரம்பித்தார்: "பாருங்க பிள்ளைங்களா, குளவிக்கு எவ்வளவு புத்தி! வெயில் படாத, மழை படாத, யாருக்குமே தேவைப்படாத இடமாப் பார்த்துக் கட்டியிருக்கு."

சம்பந்தி பார்த்தது

பூங்கா பூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். குளவி கூடு கட்டினால் குடும்பத்தில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மகளுக்குக் கல்யாணமானதிலிருந்து நாங்கள் எல்லாரும் அந்தச் செய்திக்காகத்தான் காத்திருக்கிறோம். "சொவத்துல கட்டல, வேற யாரு மூஞ்சிலயும் கட்டல, பொண்ணப் பெத்தவரு மூஞ்சியாப் பார்த்துக் கட்டியிருக்கு. அதுல கைய வச்சீங்க, அப்புறம் சோத்துல கை வைக்க முடியாது" என்றாள். மறுநாள் அவளே பூங்காவுக்கு வந்து, நாற்காலியில் ஏறி என் நெற்றியில், அதாவது நெற்றி இருந்த இடத்தில், குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

சம்பந்தி வந்து இறங்கியபோது கூடு முடிந்துவிட்டது. ஒரு காது மட்டும்தான் மிச்சம். பக்கத்து வட்டத்தில் பாஸ்கர் சார் சிரிக்கிறார். கீழ் வரிசையில் மணிக்குத் தனி வட்டம். நான் காதைக் காட்டி, "இது நான்தான்" என்றேன். அவர் கூட்டைப் பார்த்தார். ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு பலகையைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இப்பத்தான் சம்பந்தி உங்க முகத்துல ஒரு களை தெரியுது."

ஆக, குளவிக்கு வீடு கிடைத்தது, பாஸ்கர் சாருக்குப் பாடம் கிடைத்தது, சம்பந்திக்கு நம்பிக்கை கிடைத்தது, மணிக்கு மூன்றாவது முறையாக முகமும் கிடைத்தது. பாஸ்கர் சார் எனக்குத் தரவேண்டிய முகம் மட்டும் இன்றுவரை பாக்கி.