இன்னா என்றொரு விலாசம்

டீ வந்ததும் நவநீதன் குடிக்க மாட்டார். முதலில் கைபேசியில் ஏழெட்டு இணையப் பக்கங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இன்னாத்த மூடிட்டானுங்க?" என்று கடைக்காரரைக் கேட்பார். தன் கடையைத்தான் சொல்கிறாரோ என்று அப்துல் ஹமீத் ஆரம்பத்தில் பயந்ததுண்டு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டர் பிரிவு அவருக்கு. உபதொழில், மேலே இருப்பவர்கள் முடக்கும் பக்கங்களைத் திறந்துவைப்பது. பக்கத்துக்கு ஆறு நகல், ஆறு ஊர்களில். நீள விலாசத்துக்குப் பதிலாகப் போனில் சொல்லக்கூடிய ஒரு சொல். ஒரு நகல் முடங்கினால் அதே சொல் அடுத்த நகலுக்குக் கூட்டிப்போகும். "ஷூவோட மேல்தோலு, அப்பர், அப்டியே இருக்கும் பாய், அடியில சோல மட்டும் மாத்திக்கினே இருப்பேன்." பாய் தலையாட்டிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார். நவநீதனுடைய தளத்தையே ஒருமுறை முடக்கினார்கள். வேறு பெயரில் திறந்துவிட்டு, விருது வாங்கியவர்போல ஒரு வாரம் சட்டையை டக் இன் செய்துகொண்டு திரிந்தார்.

கர்வமெல்லாம் சொல்லைத் தேர்வதில்தான். பேஜார், கம்மி, தோஸ்த். "நம்மூரு வார்த்தை. எவனும் கண்டுபுடிக்க மாட்டான்." தையல் பிரிவு அமிர்தவள்ளியின் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை இருந்த பக்கம் முடங்கியது. யார் முடக்கியது என்று கேட்டால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்தப் பக்கத்துக்கு நவநீதன் சூட்டிய பெயர் 'இன்னா'. ஆங்கிலத்தில் ஐ, என், என், ஏ.

"வெளியூருக்காரங்களுக்குப் புரியாதேப்பா" என்றார் அமிர்தவள்ளி.

"கத்துக்கட்டும்க்கா."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அறிக்கையைக் காட்டினால் ஊருக்குத் தண்ணீர் லாரி, இல்லையென்றால் மனு தள்ளுபடி. அமிர்தவள்ளி கையில் கொண்டுபோன தாளை அதிகாரி தொடவில்லை. தாளில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமாம். கம்ப்யூட்டரில் தெரிந்தால்தான் உண்மையாம்.

பதினொரு மணிக்கு நவநீதனின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கம்பெனிக்குள் போன் எடுக்கக் கூடாது. கழிப்பறைக்குள் ஓடித் தாழிட்டார்.

"தொறக்கலப்பா! சாரு தெக்கத்திக்காரு. நான் இன்னான்றேன், அவரு என்னன்னு அடிக்கிறாரு. 'என்ன இல்ல சார், இன்னா'ன்னா, 'மரியாதையாப் பேசும்மா'ன்றாரு!"

"மொதல்ல ஐ போடச் சொல்லுக்கா!"

"சொன்னேன். எனக்கே பாடம் எடுக்கிறியான்றாரு. அடுத்த ஆளக் கூப்புடப் போறாங்கப்பா!"

நம்மூர் வார்த்தையின் மானம் ஒரு கணம் நவநீதனின் கண்முன் வந்து நின்றது. வெளியே காவலாளி ஆரோக்கியசாமி கதவைத் தட்டினார். "யாரு உள்ள? இவ்ளோ நேரமா?" மானத்தை ஓரங்கட்டிவிட்டு, போனிலேயே 'என்ன'வுக்கும் ஒரு வழி வெட்டினார். ஈ, என், என், ஏ. சந்தேகத்துக்குக் கடைசியில் இரண்டு ஏ போட்டு இன்னொன்று.

"இப்ப அடிக்கச் சொல்லுக்கா. அவரு இஷ்டத்துக்கே அடிக்கட்டும்."

மறுமுனையில் கீபோர்டு சத்தம். பிறகு அமிர்தவள்ளியின் குரல் தணிந்து வந்தது. "தொறந்துச்சுப்பா... படிக்கிறாரு... கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடியும் படிக்கிறாரு... லாரிக்கு எழுதுறாருப்பா!"

நவநீதன் தாழ் நீக்கி வெளியே வந்தார். ஆரோக்கியசாமி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு புடைத்திருந்த பாக்கெட்டைப் பார்த்தார். நவநீதன் திரும்ப உள்ளே போய், ஃப்ளஷை ஒருமுறை பலமாக இழுத்துவிட்டு வந்தார்.