பட்டறைக்கு எதிராக ஓர் ஆரி வகுப்பு

முபீனாவிடம் ஆரி வேலை கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு, ஏற்கெனவே கற்றவர்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "என்ன சொன்னாலும் அழுதுறாத." நாற்பதைத் தாண்டிய முபீனாவுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை. வகுப்பில் சிரிக்க மாட்டாள், அவ்வளவுதான்.

அவள் வளர்ந்தது கோரிப்பாளையத்தில், அத்தாவின் அண்ணன், பெரியத்தா அப்துல் லத்தீப் வீட்டின் பின்கட்டில். அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அம்மாவும் அவளும் அங்கே ஒண்டிக்கொண்டார்கள். வீட்டின் முன்பக்கம் பெரியத்தாவின் பட்டறை. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, முனையில் கொக்கி வைத்த ஊசியால் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் பூவும் மயிலும் போடுவார்கள். சட்டத்தின் முன்னால் ஆண்கள் மட்டும்தான் உட்காரலாம். முபீனாவுக்குக் கிடைத்தது விளக்குமாறு.

ஆரி வேலையில் மேலே தெரிகிற ஊசிக் கை பாதிதான். துணிக்கு அடியில் நூலைச் சுற்றிக் கொடுக்கிற கை யார் கண்ணுக்கும் படாது. பக்கத்திலேயே நின்று வருஷக்கணக்காகப் பார்த்தாலும் பிடிபடாத வேலை அது. சட்டத்துக்கு அடியில் குனிந்து கூட்டுகிறவளுக்கோ, நிமிர்ந்தால் தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். அப்படியே கற்றுக்கொண்டாள். பழைய தாவணியை ஒரு ஸ்டூலின் கால்களில் இழுத்துக் கட்டிப் போட்டுப் பழகியதை ஒருநாள் பெரியத்தா மகன் சிராஜ் பார்த்துவிட்டான். பிடுங்கி அடுப்பில் போட்டான். அவனைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த மரியம் பீவி அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "ஓசிச் சோறு திங்கிற கைக்கு ஊசி கேக்குதாக்கும்!"

துணி எரிந்ததைக்கூட முபீனா மறந்திருப்பாள். இந்தப் பேச்சை மறக்கவில்லை.

கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போய், அம்மாவும் போன பிறகு, கோரிப்பாளையத்திலேயே ஒரு மாடி அறை பிடித்துப் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பித்தாள். படித்து முடித்தவர்கள் வீட்டிலிருந்தே ஜாக்கெட்டுகளுக்கு வேலை செய்து கொடுத்தார்கள். தல்லாகுளத்துக் கல்யாண வீடுகள் பட்டறைப் படி ஏறுவதை விட்டுவிட்டு அந்தப் பெண்களைத் தேடிப் போயின. சிராஜுக்கு ஆர்டர் குறைந்தது. ஒருநாள் நடுத்தெருவில் முபீனாவை மறித்தான்.

"எங்க வயித்துல அடிக்கிறயே, நீ நல்லாருப்பியா?"

"ஒங்க வயிறு நெறஞ்சு கெடந்தப்ப எங்க வயித்த ஒருநாளாச்சும் பாத்தீகளாண்ணே?"

"வாய் ரொம்ப நீளுது. பாப்போம், எம்புட்டு நாளைக்குன்னு."

அதிக நாள் ஆகவில்லை. பாசிமணி விற்கிற கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். கேட்டதற்கு, "குடும்பச் சண்டையில என்னைய இழுக்காதம்மா" என்று கதவைச் சாத்தினார். சட்டங்களை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றவளிடம், பஸ் ஏறி வந்து படித்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி சொன்னாள்: "சமயநல்லூருல எங்க வீட்டு ஹால் சும்மாதான் கெடக்குக்கா. அங்கன வாங்க. எவன் வாரான்னு பாப்போம்."

வகுப்பு சமயநல்லூருக்குப் போனது. முன்னைவிடக் கூட்டம் சேர்ந்தது. முபீனாவின் நாக்கும் முன்னைவிடக் கூர்மையானது.

போன வருஷம் ஆடி மாதம், வகுப்பு வாசலில் ஒருத்தி தயங்கி நின்றாள். முகத்தை மூடியிருந்தாலும் நின்ற விதத்திலேயே முபீனாவுக்குத் தெரிந்துவிட்டது. மரியம் பீவி.

"வேவு பாக்க அனுப்பி வச்சாரா?"

"அவருக்குத் தெரியாது. கத்துக்க வந்தேன்." மரியம் முகத்திரையை விலக்கினாள். "பட்டறையில ஆளுங்க நின்னுட்டாக. அவரு ஒத்தக் கைய நம்பி மூணு பிள்ளைகளோட எப்பிடிங்க? எனக்குச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டா, பொம்பளைக்கு எதுக்குங்கிறாரு."

திருப்பி அனுப்பியிருந்தால் முபீனாவுக்கு அன்றோடு ஆத்திரம் தீர்ந்திருக்கும். அது அவளுக்குப் போதவில்லை. தினமும் கண்ணெதிரே உட்கார்த்தி வைக்க வேண்டும் போலிருந்தது. "உக்காருங்க மதினி" என்று கடைசிச் சட்டத்தைக் காட்டினாள்.

சங்கிலித் தையலின் கடைசி முடிச்சு சரியாக விழாவிட்டால், நுனி நூலை இழுத்தாலே மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். மற்றவர்கள் முடிச்சுப் போடத் தவறினால் முபீனா வாயால் சொல்வாள். மரியம் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட மயிலின் நுனியை, எல்லோரும் பார்க்க, இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். தோகை, கழுத்து, கொண்டை என்று மயில் முழுதும் அவள் கையில் நூலாக வந்து சேர்ந்தது. துணியில் ஊசித் துளைகள்தான் மிச்சம்.

"பாவங்க்கா" என்றாள் பாண்டிச்செல்வி, தாங்காமல்.

"பாவம் பாக்குறவ கோயிலுக்குப் போ, தர்காவுக்குப் போ. இங்க எதுக்கு வார?"

மரியம் கண்ணில் தண்ணீர் முட்டியது. கீழே விழவில்லை. நூலை வாங்கிச் சுற்றி வைத்துவிட்டு மறுபடி முதல் தையலைப் போட்டாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது முபீனாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. அதற்கும் மரியத்தின் மேல்தான் எரிச்சல் வந்தது.

தை பிறந்ததும் ஒரு கல்யாண ஜாக்கெட்டை வகுப்பே சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தது. அரக்குப் பட்டு. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. யாரோ சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட சிராஜ், செருப்போடு ஹாலுக்குள் வந்தான்.

"எந்திரிடி" என்றான் மரியத்தைப் பார்த்து.

அவள் எழுந்திருக்கவில்லை. "இந்த இலைய முடிச்சிட்டு வாரேன்."

கத்தரிக்கோல் சட்டத்தின் மேலேயே கிடந்தது. யாரும் தடுப்பதற்குள் அவன் அதை எடுத்து விறைத்து நின்ற பட்டின் நடுவில் குத்தி இழுத்தான். துணி சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. பாசிகள் தரையெல்லாம் தெறித்து ஓடின. முபீனா எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் கையை ஓங்கியபோது சட்டங்களைத் தள்ளிவிட்டுப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். கையை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அன்றே முபீனா போலீசில் புகார் கொடுத்தாள். மறுநாள் பெரியத்தா ஆள் விட்டுக் கூப்பிட, முபீனா போனாள். நடக்க முடியாமல் படுக்கையோடு இருந்த லத்தீப் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புகார வாபஸ் வாங்கு. அவன் இனிமே ஒன் பக்கம் வர மாட்டான். நீயும் மரியத்தச் சேக்காத. ரெண்டு பக்கமும் சரியாப் போகும்."

"மதினி வாரதும் வராததும் மதினி இஷ்டம். அண்ணே கிழிச்ச எடத்துக்கே வந்து, அந்தப் பொம்பளைக முன்னாடி தப்புன்னு சொல்லட்டும். வாபஸ் வாங்குறேன்."

"இம்புட்டுத் திமிரு ஆகாதுடி. நான் சோறு போட்டு வளத்தேன்."

"போட்டீக. ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக் காமிச்சீக பெரியத்தா. அதோட கழிஞ்சு போச்சு."

சிராஜ் வந்தான். புதுப் பட்டை ஒரு சட்டத்தின் மேல் எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்து, "தப்புத்தான்" என்றான். முபீனா புகாரைத் திரும்பப் பெற்றாள். அண்ணனும் தங்கையும் பேசியது அதுதான் கடைசி.

மரியம் ஒருநாளும் வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை. புது ஜாக்கெட்டின் இடது கைக்குப் பூவேலை முழுவதையும் அவளே போட்டாள். முபீனா நுனி நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தாள். மரியமும் பாராட்டை எதிர்பார்த்து நிமிரவில்லை. கல்யாணப் பெண் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் மணமேடை ஏறினாள்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் மரியம் பீவி பெண்களுக்கு ஆரி வகுப்பு நடத்துகிறாள். துணியில் பூவும் மயிலும் வரைந்து கொடுப்பது சிராஜ். கோரிப்பாளையம், தல்லாகுளம் பெண்கள் சமயநல்லூருக்கு பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். முபீனாவின் வகுப்பில் இரண்டு சட்டங்கள் ஆளில்லாமல் நிற்கின்றன.

சேதியைக் கொண்டுவந்த பாண்டிச்செல்வி கொதித்துப் போயிருந்தாள். "ஒங்ககிட்டதானக்கா கத்துக்கிட்டாக? போர்டுல ஒங்க பேரு ஒரு மூலையிலகூட இல்ல."

முபீனா நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "போட்டிருந்தா நானே போயி அழிச்சிருப்பேன்."