ஓகே ஒட்டிய கேபிள்

"மறுபடி அமுக்கச் சொல்லு."

குரல் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. தம்பி தன் மனைவியைப் பார்த்தான். கை நீட்டினால் பட்டன் எட்டும் இடத்தில்தான் அவள் நின்றிருந்தாள். அக்கா சொன்னது அவளுக்கும் கேட்டது. இருந்தாலும் தம்பி தன் வாயால் "அமுக்கு" என்று சொல்லும்வரை காத்திருந்து, பிறகே அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. திரையில் முத்திரை வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடத் தொடங்கின. நான்கு நிமிடம் ஓடின. திரை கறுத்தது. மறுபடி முத்திரை, மறுபடி புள்ளிகள். காலையிலிருந்து கம்ப்யூட்டர் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. உள்ளே போகவும் இல்லை, அணைந்து தொலையவும் இல்லை.

மேஜைக்கு அடியில் இருந்தவள் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது. நீதிமன்ற அலுவலகத்தில் தொண்ணூற்று நான்கு கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. அங்கே அவளை ஓகே அக்கா என்பார்கள். எதைச் சோதித்தாலும், நன்றாக இருந்தால் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, 'ஓகே' என்று எழுதித் தேதி போடுவாள். ஒருமுறை புதிதாக வந்த நீதிபதியின் நாற்காலியில் ஆடிய சக்கரத்தைச் சரிசெய்தவள், பழக்கதோஷத்தில் நாற்காலி முதுகிலும் ஒட்டிவிட்டாள். அவர் அதில் உட்கார்ந்து இரண்டு மாதம் தீர்ப்புச் சொன்னார்.

பத்தொன்பது வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். டைப்ரைட்டர்களை எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர்களை வைத்தபோது, பழுது பார்க்கும் ஆள் வெளியூரிலிருந்து வர மூன்று நாள் ஆனது. முதல் தடவை அவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டாவது தடவை குறித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை அவன் வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது; டீ கொடுத்து அனுப்பினாள். நடுவில் கல்யாணமும் ஆனது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: ரெண்டு வருஷம் ஓடிச்சு, அப்புறம் ஸ்டார்ட் ஆகல.

இந்தக் கம்ப்யூட்டரும் ஆறு வருடத்துக்கு முன் அவள் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்ததுதான். ஆனால் இரண்டு வருடமாக அதை அவள் தொடவில்லை. தம்பி மனைவியோடு பேசுவதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது, தம்பி மனைவி அதைத் தெருமுனைக் கடைக்காரனிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து ஏதோ பேச்சில் தம்பி இதை உளறினான். டாக்டரை வீட்டில் வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டார்களாக்கும் என்று அக்கா கேட்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் எல்லாமே தம்பி வழியாகத்தான். ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தாலும், உப்பை நகர்த்தச் சொல்லு என்பாள். தம்பி சொல்வான். உப்பு நகரும்.

இன்று காலையிலும் தம்பிதான் ஃபோன் செய்தான். அவன் மனைவி கூப்பிடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலைக்கான தேர்வு. பதினான்கு வருடம் செருப்புக்கடையில் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று எட்டு மாதமாகப் படித்திருந்தாள். தேர்வு எழுதும் மென்பொருளைக் கம்பெனி இந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்து கொடுத்திருந்தது. வேறு எதிலும் திறக்காது. மாற்றித் தர விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தேர்வு முடிந்துவிடும். அடுத்தது அடுத்த வருடம்.

ஓகே அக்கா அவசரப்படவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள், மாற்றியதும் போட்டுப் பார்ப்பாள். பிரிண்டரைக் கழற்றினாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பதிவை ஓட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் பெடலைக் கழற்றினாள். புள்ளிகள் ஓடின. பக்கத் தகட்டைத் திறந்தாள். கழற்றிய ஸ்குரூக்களை, ஏழு கிழமைக்கும் அறை வைத்த ஒரு மாத்திரை டப்பாவில் போட்டாள். தகட்டின் ஸ்குரூக்கள் திங்களில், டிஸ்க்கின் ஸ்குரூக்கள் செவ்வாயில். இரண்டு மெமரித் துண்டுகளையும் உருவி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அமுக்கச் சொல்லு, அமுக்கு, புள்ளிகள்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினாள். இந்த முறை முத்திரைக்குப் பின்னால் நீலத் திரை பளிச்சென்று வந்து நின்றது. தம்பி மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"சந்தோஷப்பட வேணாம்னு சொல்லு. இது என் பென்டிரைவ்ல ஓடுது."

சந்தோஷப்பட வேண்டாமாம் என்றான் தம்பி. இதனால் தெரிந்தது, டிஸ்க்கைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதுதான். ஓகே அக்கா அந்த நீலத் திரையிலிருந்தே டிஸ்க்கைத் தேடினாள். பட்டியலில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தது. அரை நிமிடத்தில் காணாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது, மறுபடி போனது.

"டிஸ்க் போயிருக்கலாம்," என்றாள். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

தம்பி மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெடலை எடுத்து மடியில் வைத்து, அதன் வயரைச் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடித்துவிட்டு, அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பிக்கு அவன் வேலை பார்க்கும் பஸ் டிப்போவிலிருந்து ஃபோன் வந்தது. ஏதோ ஒரு வண்டி கிளம்பவில்லை, டிரைவர் ஒருவர் வரவில்லை. பேசிக்கொண்டே வாசலுக்கு இறங்கிப் போய்விட்டான். அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இடையில் ஆள் இல்லை.

ஓகே அக்கா டார்ச்சை எடுத்து, யாரையும் பார்க்காமல் காற்றில் நீட்டினாள். தம்பி மனைவி எழுந்து வந்து வாங்கிப் பிடித்தாள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் விழுந்தது. தம்பி பிடித்தபோது அது பாதி நேரம் சுவரில்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஓகே அக்கா டிஸ்க்கை வெளியே எடுத்தாள். பையில் இருந்த அடாப்டரில் அதை மாட்டி, கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகினாள். பெயர் வந்தது. அரை நிமிடம் ஆனது, போகவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள், எல்லாம் திறந்தன. டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பழையபடி உள்ளே மாட்டினாள். அரை நிமிடத்தில் மறைந்தது.

வெளியே வைத்தால் நன்றாக இருக்கிறது, உள்ளே வைத்தால் போய்விடுகிறது. உள்ளே டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கேபிள். சிவப்புக் கேபிள். அதன் நடுவில் வெள்ளை டேப், ஓகே, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, அவள் கையெழுத்து. காலையிலிருந்து எதை எதையோ கழற்றி மாட்டியவள், அதை மட்டும் சந்தேகப்படவில்லை. டேப் ஒட்டியதை மறுபடி சோதிக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. சோதிப்பதானால் டேப் எதற்கு?

பக்கத்தில் இன்னொரு கேபிள் டிவிடி டிரைவுக்குப் போனது. கறுப்பு, புதியது, டேப் இல்லை. அதை அவள் முன்பு பார்த்ததில்லை.

"இது யார் போட்டது?" என்று பெட்டிக்குள் பார்த்தபடி கேட்டாள்.

"கடைக்காரர், அண்ணி."

"டிவிடிக்குப் புதுசு போட்டவன் இதை ஏன் விட்டான்?"

"அவர் ரெண்டையும் மாத்தணும்னுதான் சொன்னாரு. நான்தான் விடல." டார்ச்சை டேப் பக்கம் திருப்பினாள். "எங்க அண்ணி போட்டது எதையும் தொடாதீங்க, டேப் ஒட்டியிருக்கு பாருங்கன்னு காட்டினேன். டிவிடி உங்க தம்பி வாங்கி மாட்டினது. அதை வேணா மாத்திக்குங்கன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு."

ஓகே அக்கா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது அழுக்காக இல்லை.

"அவ்வளவு மரியாதை இருக்கிறவ, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"அன்னிக்கு உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலாவது நாள். குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஃபோன் பண்ணா நீங்க கட்டோட வந்து நிப்பீங்க."

உண்மைதான். வந்து நின்றிருப்பாள்.

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்க தம்பிகிட்ட சொல்லியனுப்பினேனே."

"அவன்கிட்டயா," என்றாள் ஓகே அக்கா. இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் பார்த்தார்கள். தம்பி இன்னும் ஃபோனில் இருந்தான். ஒரு கையால் காற்றில் பஸ்ஸைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஓகே அக்கா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கடைக்காரரின் கறுப்புக் கேபிளை டிவிடியிலிருந்து உருவி டிஸ்க்கில் மாட்டினாள். பென்டிரைவை எடுத்துவிட்டாள். ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அமுக்கும்மா."

முத்திரை வந்தது. புள்ளிகள் ஓடின. தம்பி மனைவி வாய்க்குள் எண்ணினாள். பன்னிரண்டு எண்ணியபோது புள்ளிகள் நின்று, அவளுடைய திரை வந்தது, அவள் வைத்த படத்தோடு. அவள் உட்காரவில்லை. நின்றபடியே மென்பொருளைத் திறந்தாள். அது ரகசிய எண் கேட்டது. இரண்டு தடவை தப்பாக அடித்தாள்; மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. 'உங்கள் தேர்வு: நாளை, 9.00' என்று எழுத்து வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பெடலின் வயரைப் பிரித்தாள்.

தம்பி உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"நான் அமுக்கச் சொல்லவே இல்லையே," என்றான்.

திங்கள், செவ்வாய் ஸ்குரூக்களை மாட்டும்வரை அவனை டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். ஓகே அக்கா சிவப்புக் கேபிளிலிருந்து டேப்பை உரித்து, உருட்டி, பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்தக் கறுப்புக்கு டேப் ஒட்டலையா அண்ணி?"

"நாளைக்கு ஓடட்டும். பாத்துட்டு ஒட்டலாம்."

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குத் தம்பி மனைவி கம்ப்யூட்டரைப் போட்டாள். திறந்தது. ஒன்பது மணிக்குத் தேர்வு தொடங்கியது. மொத்தம் ஆறு பதிவுகள். ஐந்தாவதில் டாக்டர் இருமிக்கொண்டே பேசினார்; அதில் இரண்டு சொற்கள் விட்டுப்போயின. பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள். முடிவு பதினைந்து நாளில் வரும் என்று திரையில் போட்டிருந்தது. நாத்தனாரின் அலுவலகத்துக்கு அவளே ஃபோன் செய்து சொன்னாள். ஓகே அக்கா அன்று ஏழு கம்ப்யூட்டர்களைத் திறந்து, டேப் ஒட்டிய கேபிள்களை மறுபடியும் சோதித்தாள். ஆறு நன்றாக இருந்தன. ஒன்றிலிருந்து டேப்பை உரித்தாள். மாலையில் தெருமுனைக் கடைக்காரரிடம் ஒரு புதுக் கேபிள் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி டிப்போவில் இருந்தான். டிவிடிக்குக் கேபிளை மாட்டினாள். இருவரும் டீ குடித்தார்கள். ஏழு மணிக்குக் கிளம்பினாள்.