வெள்ளத்தில் எழுந்த சாமிப் பெட்டி

போன ஐப்பசியில் தண்ணீர் எங்கள் வாசற்படி ஏறியபோது எனக்கு முதலில் பக்தி வரவில்லை சொந்தங்களே. எங்கள் குலசாமி கருப்பசாமி மேல் கோபம்தான் வந்தது. அவருடைய பெட்டியே எங்கள் வீட்டில் இருக்கும்போது இப்படியா?

மதுரைக்கு மேற்கே, கண்மாய்க்குக் கீழே பள்ளத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் செங்கல், பின்பக்கம் மண்சுவர். அந்தப் பின்அறையில்தான் சாமிப் பெட்டி இருந்தது. குலசாமியின் அரிவாள், மணி, பட்டு எல்லாம் அதற்குள். சிவராத்திரிக்கு மட்டும் கோயிலுக்குப் போகும். தூக்குகிறவர் என் மாமனார். அன்று வாயில் எதுவும் படாமல், தலை முழுகி, ஈரவேட்டியோடு தூக்குவார். மருமகள் நான் தொடவே கூடாது.

வெள்ளம் வந்த அன்று விடிந்தபோது, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து தெருவே ஓடையாகிவிட்டது. முந்தின நாள் மதுரை சிம்மக்கல்லில் கடை வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

"மெயினை அணைச்சிரு. நான் எப்படியும் வாரேன்" என்றார் போனில்.

பஸ்ஸே ஓடவில்லை, இவர் எங்கே வருவது? மெயினை அணைத்தேன். சிலிண்டரை மூடினேன். அரிசியைப் பரணில் ஏற்றினேன். வாசலுக்கு மணல் மூட்டை போட்டேன். மாமா கொட்டும் மழையில் போய் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு விரட்டிவிட்டு வந்தார். அப்படியும் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று கூப்பிட்டேன். மனுஷர் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீ போ தாயி. பெட்டிய விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?"

"தூக்கிட்டு வாங்க மாமா."

"வெரதம் இல்லாமத் தொட்டா வம்சத்துக்கு ஆகாது."

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அசையவில்லை. பின்சுவர் ஊறி மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அவரை விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, உன்னையும் என்னால தூக்க முடியாது, இவரையும் தூக்க முடியாது. நீயே ஒரு வழி சொல்லு" என்று வாய்விட்டுக் கதறினேன்.

மாமா முணுமுணுத்தார். "விடிஞ்சதுல இருந்து ஒரு வாய் காப்பித்தண்ணி இல்ல. வயிறு காந்துது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மாமா! நேத்து ராத்திரிக்குப் பெறகு நீங்க எதுவும் சாப்பிடல. தலையோட நனஞ்சிருக்கீங்க, வேட்டியும் ஈரம். இன்னும் என்ன வெரதம் வேணும்?"

அவர் தன் வேட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கண் கலங்கியது. "ஐயா!" என்று ஒரே சத்தம். பெட்டி தலைக்கு ஏறிவிட்டது. நான் கம்பை ஊன்றித் தரை பார்த்து முன்னால் நடந்தேன். பள்ளிக்கூடத்துப் படியில் ஏறித் திரும்பியபோது, பின்சுவர் அப்படியே கட்டில் கிடந்த பக்கம் உள்ளே சரிந்து விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். மாலையில் இடுப்பளவு நனைந்து வந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

இப்போது பின்அறையைக் கல்லால் கட்டியிருக்கிறோம். பெட்டிக்கு நெஞ்சு உயரத்துக்கு மேடை. மெயின் சுவிட்சையும் மேலே ஏற்றியாகிவிட்டது. இந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே வாய்க்காலைத் தூர்வாரிவிட்டோம். வீட்டில் நிம்மதி இருக்கிறது.

உங்களுக்கும் தண்ணீர் வாசல் ஏறினால், முதலில் மெயினை அணையுங்கள். பிறகு உங்கள் சாமியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள். எனக்குப் பதில் அங்கிருந்துதான் வந்தது.

ஒரே ஒரு தொல்லைதான் மிச்சம். மேற்கே வானம் கறுத்தால் போதும், நான் நீட்டும் காப்பியை மாமா தொடுவதில்லை. "வையி தாயி, ஐயா எப்பப் பெட்டியத் தூக்கச் சொல்லுவாரோ" என்கிறார்.