பச்சை டிக்கை நம்பாத அக்கா

"நான் எதத் தேடச் சொன்னேன், நீ எதக் கொண்டுவந்து நிக்கிற? வாயத் தொறந்து சொல்லு!"

ஃபில்டர் அக்கா கணினித் திரையோடு பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேஜைக்காரர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் திடுக்கிடுவார்கள், பிறகு மின்விசிறிச் சத்தம்போல அதுவும் பழகிவிடும்.

நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் நிறுவனம் அது. யாருக்கு என்றைக்கு ஊசி, யாருக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்ற விவரமெல்லாம் கணினியில் ஒரே பட்டியலாகக் கிடக்கிறது. விடிந்ததும் அதிலிருந்து அன்றைய ஆட்களை மட்டும் ஃபில்டர் போட்டு வடிகட்டி, அந்தந்த நர்ஸின் ஃபோனுக்குத் தானாகவே செய்தி அனுப்ப ஒரு ஏற்பாடு. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் கட்டங்களை இழுத்து ஒட்டியே இதைச் செய்துவிடலாம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருளை விற்றார்கள். இழுப்பது சுலபம்தான். ஒட்டியது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. வரவேற்பில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்த அக்கா அப்படித்தான் இந்த நாற்காலிக்கு வந்தார். இன்ன தேதி, இன்ன ஊர் என்று ஆறு நிபந்தனைகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டு "ஒண்ணுமே வரலக்கா" என்று யாராவது வந்து நின்றால் அவருக்கு ஒரே மருந்துதான்.

"எல்லாத்தையும் கழட்டு. மொத்தமும் வருதான்னு முதல்ல பாரு. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டு. எதுல நிக்குதோ அதான் திருடன்."

வீட்டிலும் இதே கதைதான். "என் சாவியையும் கண்ணாடியையும் பாத்தியா?" என்று கணவர் கேட்டால், "ரெண்டு நிபந்தனைய ஒண்ணா போடாதீங்க. முதல்ல சாவி" என்பார். இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கும் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

வேலை ஓடி முடிந்ததும் திரையில் ஒரு பச்சை டிக் விழும். அதைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. "ஓடி முடிச்சிட்டேன்னுதான் அது சொல்லுது. உருப்படியா ஏதாவது செஞ்சேன்னு சொல்லுதா? எங்க வீட்டுக்காரரும் கடைக்குப் போயிட்டு வந்துட்டேம்பாரு. பை காலியா இருக்கும்."

இப்படி ஊரார் டிக்கையெல்லாம் சந்தேகப்பட்டவர், காலைச் செய்தி ஏற்பாட்டை மட்டும் திரும்பியே பார்த்ததில்லை. அது அவரே முதன்முதலில் கட்டியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

போன செவ்வாய்க்கிழமை மேலாளர் அறையில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். காலில் ஆறாத புண்ணோடு தனியாக இருக்கும் பெரியவர் ஒருவருக்குக் கட்டு மாற்றுவது அவள் பொறுப்பு. மற்ற நாட்களில் ஒழுங்காகப் போகிறாள், திங்கட்கிழமைகளில் மட்டும் போவதில்லை. பெரியவர் ஃபோன் செய்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை லீவு பத்தலையா உனக்கு?" என்றார் மேலாளர்.

"செய்தி வந்தாதானே சார் போவேன்? திங்கக்கிழமை அவர் பேரு வரவே இல்ல. நேரம் மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"பச்சை டிக் விழுந்திருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?" மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். "செய்தி ஒழுங்கா போயிருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சாயங்காலமே இவ கணக்க முடிச்சிடலாம்."

எழுத அக்காவுக்கும் ஆட்சேபம் இல்லை. தன் ஏற்பாடு தப்பாது என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். ஒரு ஒப்புக்குத்தான் திங்கட்கிழமைப் பதிவைத் திறந்தார். தேதி நிபந்தனை சரி. சிகிச்சை நடப்பில் இருக்கிறதா என்ற நிபந்தனையும் சரி. எத்தனை பேருக்குச் செய்தி போயிருக்கிறது என்று பார்த்தார். நூறு. முந்தின திங்களைத் திறந்தார். அதுவும் நூறு. அதற்கும் முந்தினது, அதுவும் அப்படியே.

நோயாளிகள் பேசி வைத்துக்கொண்டா நூறு பேராக வருவார்கள்? அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மொத்தப் பட்டியலையும் திறந்தார்.

விஷயம் இதுதான். தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், எத்தனை பேர் இருந்தாலும் அந்த மென்பொருள் முதல் நூறு பேரைத்தான் எடுத்துத் தரும். மீதியைப் பற்றி மூச்சு விடாது. ஏற்பாட்டைக் கட்டிய காலத்தில் ஒரு நாளைக்கு அதில் பாதிகூட இருந்ததில்லை. இப்போது கூட்டம் பெருகி, திங்கட்கிழமைகளில் நூறைத் தாண்டுகிறது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகிறார்கள். பெரியவர் ஒருவர் மட்டுமல்ல, இன்னும் சிலர். ஒவ்வொருவருக்காகவும் ஒரு நர்ஸ் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அக்கா முதலில் அந்த வரம்பைத் திருத்தினார். விட்டுப்போன மற்றவர்களின் பெயர்களை வரவேற்புக்குச் சொல்லி, உடனே ஆள் அனுப்பச் சொன்னார். அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் மேலாளர் முன்னால் நின்றார்.

"மெஷின் பொய் சொல்லல சார். நான்தான் அதுக்கு அரைகுறையாச் சொல்லிக் குடுத்திருக்கேன். கணக்க முடிக்கணும்னா என் கணக்க முடிங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவை அனுப்பிவிட்டால் நாளைக்குக் காலையில் செய்தி போகாமல் நின்றால் யாரை எழுப்புவது என்ற கவலை அவருக்கு. "சரி சரி, ரெண்டு பேரும் போங்க" என்றார். நர்ஸ் சுவரோரம் வைத்திருந்த மருந்துப் பையை அக்கா தூக்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்குக்கா?"

"மன்னிப்பு ஃபோன்லயா கேப்பாங்க? நட."

பெரியவர் வீட்டு அறை மங்கலாக இருந்தது. அக்கா கேட்ட மன்னிப்பு பெரியவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. ஆள் வந்ததே போதும் என்பதுபோலக் காலை நீட்டிக்கொண்டார். நர்ஸ் தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தாள். வாடை எழுந்தது. ஃபோன் விளக்கைப் பிடிப்பது அக்காவின் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அக்கா, லைட்டு சொவத்துல இருக்கு" என்றாள் நர்ஸ்.

அக்கா கண்ணைத் திறந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, விளக்கைப் புண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, வெளிச்சம் விலகாமலிருக்க மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.