கெட்டிமேளத்தில் விழுந்த தும்மல்

சாம்ப்ளரின் ரப்பர் பொத்தான்களில் புதுச் சைக்கிள் டியூப்பின் மணம். பெட்டியைப் பிரித்த அன்று முதலில் அதைத்தான் மணந்து பார்த்தேன்.

அந்த மின்கருவியில் எந்தச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து ஒரு பொத்தானுக்குள் வைக்கலாம். அமத்தினால் அதே சத்தம் திரும்ப வரும். இசைக்குழுவில் நான் கீபோர்ட் வாசித்த காலம். சாம்ப்ளர் பழக்க மானிப்பாயில் ஒருவரும் இருக்கவில்லை. ஆங்கில மனுவலை அகராதி வைத்துப் படித்தேன். கிழமைக்கு ஒரு பக்கம்...

புத்தூரில் ஒரு கோயில் திருவிழாவில் தவிலுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தபடி நின்று எட்டு விநாடி கெட்டிமேளம் எடுத்தேன். தொடக்கத்தைச் சுத்தமாக வெட்டினேன். முடிவையும் வெட்ட வேண்டும் என்று தெரியாது. வீட்டில் இரண்டு விநாடி தட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். கடைசிவரை அமத்திப் பிடித்துக் கேட்டதே இல்லை.

உடுவிலில் ஒரு கலியாணம். சாப்பாட்டு நேரத்துப் பாட்டுக்காகப் போயிருந்தோம். மேளகாரர் வந்த வான் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பெண்ணின் தகப்பன் ஓடிவந்தார்.

“தம்பி, முகூர்த்தம் போகப்போகுது. உன்ரை பெட்டிக்குள்ளை மேளம் கிடக்காம். அடியடாப்பா!”

“ஐயா, நான் இப்பதான் பழகிறன்...”

“பழகினது காணும். அடி!”

ஐயர் கை காட்டினார். அமத்தினேன். பந்தல் அதிர்ந்தது. மாப்பிள்ளை தாலிக்கொடியின் திருகுச் சுரையைப் பூட்டத் தெரியாமல் தடுமாற, நான் கையை எடுக்கவில்லை.

எட்டாவது விநாடியில் ஸ்பீக்கர் இரண்டிலும் பெரிய தும்மல்... திருவிழாவில் நானே தும்மியது! முடிந்ததும் தானாகத் திரும்பத் தொடங்கும்படி வைத்திருந்தேன். மறுபடி மேளம். மறுபடி தும்மல்.

தும்மல் போன்ற அபசகுனம் கேட்கக்கூடாது என்றுதான் தாலி ஏறும்போது மேளம் கொட்டுவது.

“ஆரடா தாலி ஏறேக்கை தும்மினது?”

‘அடி’ என்று என்னை அவசரப்படுத்திய அதே வாய்.

அடுத்தநாள் கடையில் ஒரு பெடியன், “என்னண்ணை, பெட்டிக்குத் தடிமனோ? கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ.”

அதைப் பொறுத்தேன். குழுத் தலைவர் சொன்னதுதான் இருபது வருடம் தாண்டியும் ஆறவில்லை.

“இனி முறையாப் படிச்சவனைத்தான் மேடையிலை ஏத்துவன். நீ விலகி நில்.”

“ஆரிட்டைப் படிக்கிறது? ஊரிலை ஆர் இருக்கினம், சொல்லுங்கோ!”

முடிவை வெட்டும் விதம் மனுவலில் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. கலியாணத்தன்று நான் முப்பத்தொன்றில் நின்றேன். ஒன்பது கிழமையில் அங்கே போய்ச் சேர்ந்து, தும்மலை வெட்டி எறிந்து, சாம்ப்ளரைச் சைக்கிளில் கட்டி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

போன கிழமை ஒரு மண்டபத்தில் கலியாணம். கெட்டிமேளம் போனிலிருந்து வந்தது. தாலி ஏறும் நேரம் இடையில் சவர்க்கார விளம்பரம்! சபை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணின் தகப்பனும் சிரித்தார். போன்காரனை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

நான் சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு உடுவிலில் ஒருவராவது இப்படிச் சிரித்திருந்தால், நான் இன்னும் மேடையில் நின்றிருப்பேன்.